சட்டை மாற்றும் பாக்டீரியாவும் ஓர் இரும்புத் திருட்டும்

தூத்துக்குடி என்றால் முத்து, உப்பு, மக்ரூன். இதில் உப்பு லாரியிலும் மக்ரூன் அட்டைப்பெட்டியிலும் இன்றைக்கும் ஊரை விட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன. முத்துதான் கதையாகிவிட்டது. கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

முத்து எப்படி உண்டாகிறது என்று கேட்டால் பாட்டிமார் மழைத்துளிக் கதை சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் மணல்துகள் கதை சொல்வார்கள். இரண்டும் அவ்வளவு சரியில்லை. 1902-ல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துச் சிப்பிகளை ஆராய வந்த ஹெர்ட்மனும் ஹார்னெலும் முத்துக்குள்ளே நாடாப்புழுவின் குட்டியைத் தேடினார்கள். எல்லா முத்துக்கும் புழுதான் காரணம் என்பது பின்னால் நிற்கவில்லை. ஆனால் அடிப்படை சரி. உள்ளே வரக்கூடாத ஒன்று வந்துவிட்டது. அல்லது சிப்பியின் சதையில் காயம் பட்டுவிட்டது. அதை வெளியே தள்ள முடியாத சிப்பி, அதைச் சுற்றிப் பளபளப்பாகச் சுவர் கட்டி மூடிவிடுகிறது. ராஜாக்கள் கழுத்தில் போட்டுக்கொண்டது ஒரு பிராணியின் தற்காப்பைத்தான்! 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி குழுவினர் இந்தச் சுபாவத்தை வைத்தே சிப்பியை ஏமாற்றி, உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள்.

உடம்பை ஏமாற்றி அதன் தற்காப்பை முன்கூட்டியே தட்டி எழுப்புவது. தடுப்பூசியும் இதே வேலைதான். வித்தியாசம் ஒன்றுதான். சிப்பிக்கு ஞாபகம் கிடையாது. ஒரு புழுவைச் சுவர் கட்டி மூடியதற்காக அடுத்த புழுவை அது அடையாளம் கண்டுகொள்ளாது. சிப்பிக்கு மட்டுமல்ல, இறாலுக்கும் இதே கதி. தூத்துக்குடி கடற்கரையோரம் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் விப்ரியோ என்ற பாக்டீரியாவுக்குப் பயப்படும் பயம் கொஞ்சநஞ்சமல்ல. 2013-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் லைட்னர் குழுவினர், ஆசியப் பண்ணைகளில் இளம் இறால்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற நோய்க்கு ஒரு வகை விப்ரியோதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் இறாலுக்கு மாட்டுக்கும் மனிதனுக்கும் போடுவது போலத் தடுப்பூசி போட முடியாது. ஆன்டிபாடி தயாரிக்கும் ஏற்பாடே அதன் உடம்பில் இல்லை. தண்ணீரைச் சுத்தமாக வை, நோயில்லாத குஞ்சாக வாங்கு... அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பன்றிக்கு அந்த ஏற்பாடு எல்லாம் பிரமாதமாகவே இருக்கிறது. கிட்டத்தட்ட மனிதனுக்கு இருப்பது போலவே. அப்படியிருந்தும் பன்றியின் பாக்டீரியா நோய்களுக்கு எல்லா வகையையும் தடுக்கிற ஒரு தடுப்பூசியைச் செய்ய முடியாமல் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகத் திணறுகிறார்கள். ஏன்?

(பன்றி என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். கல்லூரியில் ஒருவரை ஒருவர் "போடா பன்னி" என்று திட்டிக்கொள்வதற்கு அந்தப் பிராணி எந்தப் பாவமும் செய்யவில்லை. 2009-ல் மனிதரிடம் பரவிய சளிக்காய்ச்சலுக்குப் "பன்றிக்காய்ச்சல்" என்று பெயர் வைத்து அதன் மானத்தை இன்னும் கொஞ்சம் வாங்கியதும் மனிதர்கள்தான் :) )

முதலில் எளிதாக முடிந்த ஒரு கதையைப் பார்த்தால்தான் இது ஏன் கஷ்டம் என்று புரியும். மாட்டுக்கு வரும் வெக்கை நோய். ஒரு காலத்தில் கிராமம் கிராமமாக மாடுகளைத் துடைத்துப் போட்ட வைரஸ் நோய் இது. ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1932-ல் தொடங்கப்பட்ட காலத்தில் கால்நடை மருத்துவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். இந்தியாவில் இந்த நோய் கடைசியாகத் தலைகாட்டியதும் அதே வட்டாரத்தில், பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், 1995-ல். 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய் இது. இதற்கு எத்தனையோ பேருடைய உழைப்பு காரணம். ஆனால் வைரஸும் ஒரு சலுகை கொடுத்தது. அதற்கு ஒரே முகம்தான். பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயர் கென்யாவில் உருவாக்கிய ஒரே தடுப்பூசி ஆப்பிரிக்க மாட்டுக்கும் ஆற்காட்டு மாட்டுக்கும் ஒன்றுபோல வேலை செய்தது.

பன்றியைத் தாக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சலுகையைக் கொடுப்பதில்லை. இவற்றில் பல தம் உடம்பைச் சுற்றி ஒரு சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றியின் ஆன்டிபாடி முதலில் பார்ப்பது இந்தச் சட்டையைத்தான். நீலச் சட்டைக்காரனைப் பிடிக்கச் சொல்லி ஊசி போட்டால் நீலச் சட்டைக்காரனைப் பிடிக்கும். பச்சைச் சட்டையில் வந்தவனுக்கு வழிவிட்டு நிற்கும். ஒரே இனத்தில் இப்படிச் சட்டை மாறும் ஒவ்வொரு வகைக்கும் சீரோடைப் என்று பெயர்.

கிளாசர் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-ல் கிளாசர் என்ற ஜெர்மானியர் விவரித்தது. பால் மறக்கடித்த சில வாரங்களில் குட்டிகளுக்கு மூட்டு வீங்கும், நொண்டும், மூளைக்குப் போனால் ஒருக்களித்துக் கிடந்து நீந்துவது போலக் காலை உதைத்துக்கொண்டே செத்துப்போகும். அறுத்துப் பார்த்தால் இதயத்தையும் நுரையீரலையும் சுற்றி நார்நாராகப் படலம் படிந்திருக்கும். இதற்குக் காரணமான கிளாசரெல்லா பாராசுயிஸுக்கு 15 சீரோடைப். எதிலும் சேராதவை தனி. நுரையீரலைத் தாக்கும் ஆக்டினோபேசில்லஸ் புளூரோநிமோனியேக்கு 19. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸுக்கு முதலில் 35 என்று எண்ணி, பிறகு சிலதை வேறு இனம் என்று தள்ளிவிட்டு 29-ல் நிற்கிறது.

ஒரு பண்ணையில் எந்தச் சட்டை வரும் என்று யாருக்குத் தெரியும்? செத்த குட்டியிலிருந்து கிருமியை எடுத்து, வளர்த்து, கொன்று, அந்தப் பண்ணைக்கென்றே தடுப்பூசி செய்து கொடுக்கும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டு. செய்து முடிப்பதற்குள் வேறு சட்டைக்காரன் வந்துவிட்டால் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்தியாவில் இதே சிக்கலைத் தொண்டை அடைப்பானில் பார்க்கலாம். மாட்டுக்கும் எருமைக்கும் மழைக்காலத்தை ஒட்டி வரும், தொண்டை வீங்கி ஒன்றிரண்டு நாளில் கதையை முடித்துவிடும் நோய். பன்றிக்கும் வரும். காரணம் பாஸ்சுரெல்லா மல்டோசிடா. ஆசியாவில் இந்த நோயைக் கொடுப்பது அதன் பி வகை, ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஈ வகை. அதே பாக்டீரியாவின் ஏ வகையும் டி வகையும் பன்றியின் மூக்கிலும் நுரையீரலிலும் உட்கார்ந்துகொண்டு வேறு நோய்களைக் கொடுக்கின்றன. பெயர் ஒன்று, சட்டை வேறு. பி வகையைக் கொன்று செய்த தொண்டை அடைப்பான் தடுப்பூசி மற்ற இரண்டையும் தடுக்கும் என்று நம்ப முடியாது. அந்தத் தடுப்பும் நீண்ட நாள் நிற்பதில்லை, அதனால்தான் மழைக்கு முன்னால் திரும்பத் திரும்ப ஊசி.

இதில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. 1980-களில் மியான்மர் விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் ஒரு மானிடமிருந்து எடுத்த பாஸ்சுரெல்லாவைப் பரிசோதித்தார்கள். அதுவும் பி வகைதான், ஆனால் உள்வகை வேறு. மாட்டுக்கு அவ்வளவு ஆபத்தில்லாதது. அதை உயிரோடு மாட்டின் மூக்கில் தெளித்தபோது, ஆசிய வகையிலிருந்தும் பாதுகாப்பு கிடைத்தது. சொந்தக்காரனைக் காட்டி எதிரியை அடையாளம் சொல்லிக் கொடுத்தாயிற்று! உயிருள்ள கிருமியை மருந்தாகக் கொடுப்பதில் எல்லா நாடுகளுக்கும் தைரியம் வராது என்பதும் உண்மை.

சட்டை மாறிக்கொண்டே இருக்கும் என்றால் மாற்ற முடியாத எதையாவது பிடிக்க வேண்டும். கன்னம் வைக்கும் திருடன் சட்டையை மாற்றலாம், கன்னக்கோலை வீட்டில் வைத்துவிட்டு வர முடியுமா? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஆன்டனி ஷ்ரைவர்ஸ் என்பவர் 1980-களிலிருந்தே துரத்திக்கொண்டிருந்தது இந்தக் கன்னக்கோலைத்தான்.

பாக்டீரியா பெருக இரும்புச்சத்து வேண்டும். உடம்புக்கு இது தெரியும். அதனால் ரத்தத்தில் இரும்பைச் சும்மா அலையவிடாமல், டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்குள் பூட்டித்தான் அனுப்புகிறது. (பன்றிக்குட்டி பிறக்கும்போதே இரும்புச்சத்து குறைவு. தாய்ப்பாலிலும் போதாது. பண்ணையில் பிறந்த சில நாளில் குட்டிக்கு இரும்பு ஊசி போடுவது இதனால்தான்.) பல பாக்டீரியாக்கள் இரும்பைக் கவ்வும் சின்ன மூலக்கூறுகளை வெளியே துப்பிச் சேகரித்துக்கொள்ளும். மேலே சொன்ன பாக்டீரியாக்களில் கிளாசரெல்லாவும் ஆக்டினோபேசில்லஸும் அப்படியில்லை. டிரான்ஸ்ஃபெரினையே கையோடு பிடித்து, பூட்டை உடைத்து, இரும்பை உருவிக்கொள்கின்றன. அதற்கென்று வெளிப்புறத்தில் இரண்டு புரதங்கள். ஒன்று பிடித்துக்கொள்ளும், மற்றது உள்ளே இழுக்கும்.

1990-ல் ஷ்ரைவர்ஸ் குழுவினர் சொன்னது இது. பன்றியின் ஆக்டினோபேசில்லஸுக்குப் பன்றி டிரான்ஸ்ஃபெரின்தான் வேண்டும். மாட்டினுடையதோ மனிதனுடையதோ கொடுத்தால் அதற்கு ஒத்துவராது. மனிதனுக்கு மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் மனித டிரான்ஸ்ஃபெரினை மட்டும் பிடிப்பதும் இதே கதைதான். சாவி அந்தந்த வீட்டுப் பூட்டுக்கென்றே செதுக்கியது. ஆகவே சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பன்றிக்குள் வாழ முடியாது.

இன்னொரு நல்ல செய்தியும் வந்தது. பல பண்ணைகளின் கிருமிகளை ஒப்பிட்டபோது, இந்தப் பிடிக்கும் புரதத்தின் சில்லறை வேறுபாடுகள் சட்டையின் நிறத்தோடு சேர்ந்து போகவில்லை. ஒரே மூக்கில் குடியிருக்கும் வெவ்வேறு இனப் பாக்டீரியாக்கள்கூட ஒன்றுபோன்ற புரதத்தை வைத்திருந்தன. சீரோடைப்புக்கு ஒரு ஊசி என்ற தலைவலி போய், ஒரே ஊசியில் பல இனத்தையே தடுக்கலாமோ என்ற ஆசை வந்தது.

அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. அந்தப் புரதத்தைத் தனியாகச் செய்து பன்றிக்கு ஊசி போட்டால், பன்றியின் ரத்தத்தில் ஓடும் டிரான்ஸ்ஃபெரின் வந்து அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அது பிடிப்பதற்கென்றே பிறந்த புரதம் ஆயிற்றே! எதிர்ப்புச் சக்தி பார்க்க வேண்டிய முக்கியமான முகப்பு மூடிக்கொண்டுவிடுகிறது. இதை எலியில் சோதித்திருந்தால் தெரியவே தெரியாது, எலியின் டிரான்ஸ்ஃபெரினை அது பிடிக்காது. நோய் யாருக்கோ அவரிடமே சோதித்துப் பார்க்க முடிவது பன்றி ஆராய்ச்சியின் பெரிய வசதி. மனித நோயில் அது அவ்வளவு எளிதில்லை.

2009-ல் இந்தப் புரதத்தின் முப்பரிமாண வடிவம் வெளியானது. எந்த இடத்தில் டிரான்ஸ்ஃபெரின் ஒட்டுகிறது என்று ஊகிக்க முடிந்தது. அங்கே ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். கிளாசரெல்லாவின் புரதத்தில் 167-வது இடத்தில் இருந்த டைரோசினை எடுத்துவிட்டு அலனின். பார்ப்பதற்குச் சாவி அதே சாவி, ஆனால் பூட்டில் நுழையாது. பிரேசிலைச் சேர்ந்த ஃப்ராண்டொலோசோவும் ஷ்ரைவர்ஸும் மற்றவர்களும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாற்றிய புரதம் போட்ட குட்டிகள் அசல் புரதம் போட்டவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. மாற்றியது ஒற்றை எழுத்து!

இதோடு நோய் ஒழிந்தது என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கிருமிகள் வெளியூர்த் திருடர்கள் அல்ல, வீட்டிலேயே குடியிருப்பவை. குட்டி பிறந்த சில நாட்களுக்குள் தாயின் மூக்கிலிருந்து குட்டியின் மூக்குக்கு வந்துவிடுகின்றன. அப்போது சீம்பாலில் வந்த தாயின் ஆன்டிபாடி குட்டியைக் காப்பாற்றுகிறது. வாரங்கள் போகப்போக அது வடிகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் பண்ணைக்காரர் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, வேறு கூட்டத்தோடு கலந்துவிடுகிறார். அலைச்சல், பயம், புதுத் தீனி. மூக்கில் சும்மா இருந்தவன் ரத்தத்துக்குள் இறங்குகிறான். சீக்கிரமே ஊசி போடலாம் என்றால், தாயின் ஆன்டிபாடி தடுப்பூசியையே மடக்கிவிடும். தள்ளிப்போட்டால் நோய் முந்திக்கொள்ளும். ஒன்று தாய்க்கே ஊசி போட்டுச் சீம்பாலைப் பலப்படுத்த வேண்டும், இல்லையென்றால் இந்த இடைவெளியில் சரியாகக் குறி வைக்க வேண்டும்.

ஆக்டினோபேசில்லஸுக்கு அது கக்கும் நச்சுகளையே தடுப்பூசியாக்கும் வழி முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. எல்லா சீரோடைப்பும் கக்குவது அதே நாலைந்து நச்சுகளைத்தான் என்பதால் சாவு நன்றாகக் குறைகிறது. கிருமி மட்டும் மூக்கில் சொகுசாகக் குடியிருந்து அடுத்த பன்றிக்குப் போய்க்கொண்டிருக்கும். குடியிருப்பையே காலி செய்தால்தான் கூட்டத்துக்கு நிம்மதி. ஆனால் காலியான இடத்தில் யார் வந்து குடியேறுவார்கள்? இது இன்னும் சரியாகக் கேட்கப்படாத கேள்வி என்றே தோன்றுகிறது.

"பன்றி செத்தால் மனிதனுக்கு என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் மனிதனையும் பிடிக்கும். 2005-ல் சீனாவின் சிச்சுவானில் 200-க்கும் அதிகமானவர்களைப் பிடித்தது, நாற்பது பேர் அளவுக்கு இறந்தார்கள். நோய்ப்பட்ட பன்றியை அறுத்தவர்களும் கறியைக் கையாண்டவர்களும்தான் பெரும்பாலும். பச்சை ரத்த உணவு சாப்பிடும் வியட்நாமில் பெரியவர்களுக்கு வரும் மூளைக்காய்ச்சலுக்கு இது முக்கியமான காரணம். பிழைத்தவர்களில் பலருக்குக் காது போய்விடுகிறது.

இரண்டாவது இன்னும் பெரியது. தடுப்பூசி இல்லாத இடத்தை ஆன்டிபயாடிக் நிரப்புகிறது. தீனியில் கலந்து மொத்தமாகக் கொடுப்பது சுலபம், மலிவு. மருத்துவமனையில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினைப் பல நாடுகளில் பன்றியும் கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. 2015-ல் சீனாவில், பன்றிகளிலும் கறியிலும் நோயாளிகளிடமும், கொலிஸ்டினுக்கு அசையாத பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அந்த எதிர்ப்பு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடிய மரபணுவில் இருந்தது. இந்தியா உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை 2019-ல் தடை செய்தது. தடை நல்லதுதான். ஆனால் குட்டி செத்துக்கொண்டிருக்கும்போது மருந்தைக் கொடுக்காதே என்று மட்டும் சொன்னால் பன்றி வளர்ப்பவர் என்ன செய்வார்? கொடுக்க வேறு ஏதாவது வேண்டாமா?

அந்த "வேறு ஏதாவது" சீக்கிரம் கிடைத்துவிடும் என்று நம்புவதற்கு இந்திய அனுபவம் அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 90 லட்சம் பன்றிகள், 2012-ஐவிட 12 சதவீதம் குறைவு. அசாமில் மட்டும் ஏறக்குறைய 21 லட்சம். பன்றி ஆராய்ச்சிக்கான தேசிய மையம் குவாஹாட்டியில் இருப்பது சும்மா இல்லை. பன்றிகளின் பெரிய எமன் உண்மையான பன்றிக் காய்ச்சல், அதாவது மனிதரைப் பிடிக்காத பழைய வைரஸ் நோய். அதற்குச் சட்டைப் பிரச்சினையே இல்லை, நல்ல தடுப்பூசியும் 1964 முதல் இந்தியாவில் இருக்கிறது. அதை முயலில் வளர்த்து, முயலைக் கொன்றுதான் எடுக்க வேண்டும். 2020-ல் அரசு சொன்ன கணக்கு இது: வருஷத்துக்குத் தேவை 2 கோடியே 20 லட்சம் டோஸ், தயாரானது 12 லட்சம். முயல் தேவைப்படாமல் செல் வளர்ப்பில் செய்யும் புதிய தடுப்பூசியை இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையம் அந்த வருஷம்தான் வெளியிட்டது. சுலபமான கிருமிக்கே இந்த நிலை. சட்டை மாற்றுபவனுக்கு?

தமிழ்நாட்டிலும் பன்றி வளர்ப்பை ஆராய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் காட்டுப்பாக்கத்தில் பன்றிப் பண்ணை உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிகூட 1989-லிருந்து 2012 வரை அதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. இறாலும் பன்றியும் ஒரே குடும்ப அட்டையில்! ஆராய்ச்சிப் பணம் முதலில் மாட்டுக்கும் கோழிக்கும் போகிறது. பன்றி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஊரும் அரசும் எட்டிப் பார்க்காத இடத்தில் இருப்பவர்கள். அவர்கள் பிராணிக்கு நோய் வந்தால் அதைச் சுகாதாரக் கேடாகப் பார்க்கும் நகராட்சி உண்டு, அவர்களின் நஷ்டமாகப் பார்க்கும் ஆள் குறைவு.

மாற்றிய புரதத் தடுப்பூசியில் ஒரு வசதி உண்டு. நோய்க்கிருமியை வளர்க்க வேண்டியதில்லை, ஆய்வகத்து ஈ.கோலியிடம் மரபணுவைக் கொடுத்தால் அது புரதத்தைச் செய்து தரும். மனிதத் தடுப்பூசிகளை டன் கணக்கில் செய்யும் நாட்டுக்கு இது தெரியாத வேலை இல்லை. ஆனால் ஆயிரம் பன்றி வைத்திருப்பவரை நினைத்துத்தான் கம்பெனி குப்பியின் அளவைத் தீர்மானிக்கும். பெரிய குப்பியைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். குளிர்பெட்டியோடு கிராமத்துக்கு வருகிற கால்நடை மருத்துவர் முன்னால், கொல்லையில் இரண்டு பன்றி வைத்திருக்கும் ஒருவர் வந்து நின்றால், அவர் குப்பியைத் திறப்பாரா, அடுத்த ஊரில் இன்னும் எட்டுப் பன்றி சேரட்டும் என்று மூடி வைப்பாரா?